கதவில்லாத லிண்டல்

அரை வீட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போன என் செல்ல அக்காவுக்கு,

பொம்மனஹள்ளியில் உன் வீட்டுக்கு மோல்டு போட்டாயிற்று. மோல்டு என்றால் கூரைக்குப் போடும் காங்கிரீட் தளம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். உன்னை இழந்த பிறகு மாமா ஷிஃப்டே கதி என்று கிடக்கிறார். ஞாயிறுதோறும் மர்பி டவுன் அறையிலிருந்து பஸ் மாறி வந்து மேஸ்திரியைக் கேள்வியால் குடைவது நான்தான்.

இப்போது தேறிவிட்டேன் அக்கா. தரைக்கு மேலே வீட்டைத் தூக்கி நிறுத்தும் அடிச்சுவர் பேஸ்மெண்ட். அது ரோட்டைவிட உயரமாக இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கூடத்துக்கு விருந்து வரும். ஜன்னலின் கீழ் விளிம்பு சில். கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே போடும் காங்கிரீட் கட்டை லிண்டல். மேல்சுவரின் பாரம் கதவு நிலையில் இறங்காமல் அதுதான் தாங்குகிறது. கியூரிங் கியூரிங் என்று மிரட்டினார்கள். விசாரித்தால், சிமெண்ட் இறுகும்வரை தண்ணீர் ஊற்றி ஈரமாக வைப்பதாம். இதற்கா இத்தனை பந்தா?

போன ஞாயிறு கிழக்கு அறைச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது ஒன்றைக் கண்டேன். வெறும் சுவரில் ஒரு லிண்டல். கீழே கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. அதற்குக் கீழிருந்த பிளாக்குகள் பக்கத்துச் சுவரோடு கோர்த்துக் கட்டப்படவில்லை; இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே நேர்க்கோடாகத் தனித்து நின்றன. கார்மெண்ட்ஸில் செக்கிங் பார்க்கிற கண் சும்மா இருக்குமா? பிரிப்பதற்கென்றே போட்ட தையல் மாதிரி இருந்தது.

"மேஸ்திரி, இதென்ன, தெரியாம போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. உங்க அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நின்னு போட வெச்சாங்க. பின்னாடி எப்பவாச்சும் வெளிக்கதவு வேணும்னா மேல் சுவரு அசையாம தொறக்கணும்னாங்க. யாருக்குன்னு கேட்டேன், சிரிச்சாங்க. வர்ற வாரம் பூச்சு. பூசிட்டா அடையாளமே தெரியாது. தொறக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

யாருக்கு அக்கா? சிரித்தாயாமே, என்ன சிரிப்பு அது?

அன்று சாயங்காலம் உங்கள் வாடகை வீட்டில் இன்னொரு பேச்சு எழுந்தது. மாமாவின் அம்மா ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். அவர் எதையும் சுற்றி வளைக்க மாட்டார், உனக்குத் தெரியாததா?

"தங்கச்சி இருக்கும்போது வெளியில பொண்ணு எதுக்குத் தேடணும்? சுதாவுக்கும் ஒரு அம்மா கெடச்ச மாதிரி ஆச்சு."

"சுதாவ நான் பாத்துக்கறேன் அத்தை. உங்க பையன என்னால கட்டிக்க முடியாது."

"கட்டிக்காம ஒரே வீட்ல இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. முடியாதுன்னா சொல்லு, பொண்ண நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

உன் பெண் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது.

"புது வீட்ல கிழக்கு ரூம எனக்கு விடுங்க. வாடகை தர்றேன். அக்கா அங்க லிண்டல் போட்டு வெச்சிருக்கா, எனக்குத் தனி வாசல் தொறந்துக்கலாம்" என்றேன்.

மாமா தலை நிமிர்ந்தார். "தொறந்துடலாம் மல்லிகா" என்றார். அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது போலிருந்தது. அத்தை "என்னமோ பண்ணுங்க" என்று முணுமுணுத்தார். மறுநாள் ஆம்பூர் பஸ்ஸில் தனியாகத்தான் போனார்.

நேற்று பிளாக்குகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றாக வந்தது, மேல்சுவரில் ஒரு விரிசல் இல்லை. அறைக்குள் வெயில் வந்தது. சுதா உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

உன் உடம்பு தேறாது என்று அப்போதே தெரிந்துவிட்டதா? அத்தை என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்பதுகூடவா? இல்லை, யாருக்காவது வாடகைக்கு விடலாம் என்று சும்மா போட்டுவைத்தாயா? யாரைக் கேட்பேன் அக்கா?

என் அறைக்கும் சுதாவின் அறைக்கும் நடுவே இருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாளை என் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஊர் வாய்க்கு அது போதும். ஆனால் உன் பெண் எந்நேரம் தட்டினாலும் திறப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்குக் குடிவரும்,
உன் இடத்துக்கு வராத,
உன் தங்கை
மல்லிகா