ஏழுமலைக்கு, காத்திவாக்கத்தில் நின்றுபோன வண்டி பற்றி

என் பிரியத்துக்குரிய மச்சானே,

நீ போயிருக்கும் இடத்தில் தபால் வசதி எப்படி என்று தெரியவில்லை. பத்திரிகையில் எழுதினால், யாராவது வடை மடித்துக்கொண்டு வந்தாவது உன் கையில் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். அதனால் ஊரறியவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் செல்போனை அணைக்கத் தனம் விடமாட்டேன் என்கிறாள். அதில் ஒரு பெண் அடிக்கடி கூப்பிட்டு, உனக்கு ஆயுள் காப்பீடு வேண்டுமா என்று கேட்கிறாள். காலம் கடந்துவிட்டது அம்மா என்றேன். பரவாயில்லை சார், இப்போதும் சேரலாம் என்றாள். உன் நாற்காலியில் பக்கத்து வீட்டுப் பூனை உட்காருகிறது. தனம் நன்றாக இருக்கிறாள். அதாவது, நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள். என் தங்கைதான், ஆனால் அவள் சொல்வதற்கு என்ன பொருள் என்று உனக்குத்தான் தெரியும்.

எழுத வந்தது உன் ரயிலைப் பற்றி. பகலெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, சாயங்காலம் மாடி அறையில் கையளவு எஞ்சின் ஓட்டிய மனிதன் நீ. அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேசை. அதன்மேல் பேசின் பிரிட்ஜில் கிளம்பி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், காத்திவாக்கம், எண்ணூர் என்று போய், மறுபடி பேசின் பிரிட்ஜுக்கே வளைந்து வரும் தண்டவாளம். நிஜத்தில் இல்லாத அந்த வளைவை மட்டும் நீயாகச் சேர்த்தாய். போனவர்கள் வீடு திரும்ப வேண்டாமா என்றாய்.

நீ போனபின் வண்டி சுற்றவில்லை. சுவிட்சைப் போட்டால் பேசின் பிரிட்ஜில் பாய்கிறது. திருவொற்றியூரில் மூச்சு வாங்குகிறது. காத்திவாக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது. இது பழுதா, யதார்த்தமா என்று தீர்மானிக்கவே எனக்குச் சில நாள் பிடித்தது.

இதற்கிடையில் உன் மகன் கார்த்திக் போரூரிலிருந்து வந்தான்.

"யம்மா, தனியா இங்க இன்னா பண்ணப்போற? எங்கூட வந்துடு. இந்த டேபிள கழட்டிரலாம். ஓடாத ரயில வெச்சிகினு எதுக்கு?"

தனம் கடல் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க வூட்ல ஜன்னலத் தொறந்தா அடுத்தவன் ஜன்னலு தாண்டா தெரியிது" என்றாள். பிறகு அவளாகவே ஒரு தீர்ப்பு எழுதினாள். "உங்கப்பா தெவசத்தன்னிக்கு வண்டி ஒரு சுத்து சுத்துச்சின்னா நான் இங்கியே கீறேன். சுத்தலன்னா அவரு இங்க இல்லன்னு அர்த்தம். அப்பால நான் மட்டும் இன்னாத்துக்கு? வந்துர்றேன்."

என் பக்கம் திரும்பினாள். "ண்ணா, நீ படிச்சவன் தான? ஓட்டிக் காட்டு."

நான் படித்தது தமிழ் இலக்கியம். அதைச் சொல்ல அவள் இடம் தரவில்லை. உன் ரயில் ஓடாவிட்டால் என் தங்கை போரூரில் அடுத்தவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பாள். பயத்தில் வண்ணாரப்பேட்டைக்குப் போய் சலீம் பாயைக் கூட்டிவந்தேன். ஊரிலுள்ள மிக்சிகளையெல்லாம் பிழைக்கவைக்கும் நம் சலீம்தான்.

சலீம் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "மாமு, டிரான்ஸ்பார்மர் காலி."

புது டிரான்ஸ்பார்மர் வந்தது. வண்டி புது வேகத்தில் போய் அதே காத்திவாக்கத்தில் நின்றது.

"அப்போ எஞ்சின் காலி."

எஞ்சினைப் பிரித்து, மோட்டாரைத் தனியே சுற்றவிட்டுப் பார்த்தோம். குறை சொல்ல முடியாதபடி சுற்றியது.

"அப்போ எதுதான் பாய் காலி?"

"நாம தான் மாமு" என்று சலீம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் இறங்கும் இடம் பேசின் பிரிட்ஜ். அங்கிருந்து தண்டவாளம் வழியாகவே தூரம் போகப்போக அது மெலிகிறது என்று பிறகு சலீமுக்குத் தோன்றியது. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, காத்திவாக்கத்துக்குத் தனியாக இரண்டு வயர் இழுத்தோம். எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊருக்கே வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுபோன பெருமை எங்களுடையது. திருவொற்றியூரில் வேகம் குறைவது சரியானது. காத்திவாக்கத்தில் நிற்பது மட்டும் மாறவில்லை.

கடைசியில், வேறொன்றும் செய்யத் தெரியாததால், மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைத்தேன். துணி தார் பூசியதுபோல் கறுத்தது. எஞ்சின் சக்கரங்களையும் துடைத்து வைத்தேன். வண்டி காத்திவாக்கத்தைத் தாண்டி, எண்ணூர் வளைவில் திரும்பி, பேசின் பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. இந்த வயதில் சலீம் பாய் ஆடுவார் என்று நீ நினைத்திருப்பாயா?

மறுநாள் சாயங்காலம் மறுபடி நின்றது. துடைத்தோம், ஓடியது. அடுத்த நாள் நின்றது. ஒரே இரவில் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வருகிறது? "ஜின்னு, சைத்தான் வேலையா இருக்குமோ" என்றார், காலமெல்லாம் மின்சாரத்தோடு பழகிய சலீம்.

ஜின்னைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் காலையிலேயே போனேன். மாடியில் தனம் நின்றிருந்தாள். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொரு கையில் பழைய துணி. குழந்தைக்குத் தலை தேய்ப்பதுபோல் அவ்வளவு மெதுவாக உன் தண்டவாளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பாத்தா தெரியலயா? கடலு காத்துண்ணா. எண்ணெ வெக்கலன்னா துருப் புட்சிக்கும். இந்த ஜன்னலாண்ட உப்பு ஜாஸ்தி, அதான் காத்திவாக்கத்துக்கு மட்டும் ரெண்டு வாட்டி." பெருமையாகச் சிரித்தாள். "நம்ம ஊராச்சே."

எங்கள் அப்பா அப்படித்தான் வளர்த்தார். காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டில் நங்கூரம், தாழ்ப்பாள், அரிவாள்மனை என்று எண்ணெய் காணாத இரும்பே கிடையாது. உப்பிலிருந்து ஒரு பொருளைக் காப்பாற்ற வேறு வழி எங்களுக்குத் தெரியாது. எண்ணெய்ப் படலம் கரண்டைச் சக்கரத்துக்கு ஏறவிடாது, தூசியையும் சேர்த்துக்கொள்ளும் என்பது நங்கூரத்துக்குப் பொருந்தாத விஷயம்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து டெய்லி வெக்கிறேன். அவரு கூட ஒரு நாளும் வோணான்னு சொன்னதில்ல. ரயிலத் தொட்டா யார் மேலயும் எரிஞ்சி வியுவாரு. என்ன மட்டும் ஒண்ணியும் சொல்லமாட்டாரு."



தினமும் சாயங்காலம் வண்டி ஓட்டுவதற்கு முன், ஒரு புட்டியும் கிழிந்த பனியனுமாக நீ தண்டவாளத்தை அங்குலம் அங்குலமாகத் துடைப்பாயே, அது ரயில் பைத்தியங்களின் ஆசாரம் என்றல்லவா நினைத்திருந்தேன்? காலையில் அவள் வைப்பாள், மாலையில் நீ எடுப்பாய். இத்தனை வருடம். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ்வளவு வேலையும் மிச்சம். ஏன் சொல்லவில்லை மச்சான்? முதல் நாள் சொல்ல மனம் வரவில்லை, பிறகு சொல்லும் காலம் தப்பிவிட்டதா? அல்லது துடைப்பதும் உனக்குப் பிடித்திருந்ததா?

நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? இங்கே எழுதுகிறாயே என்று கேட்பாய். என் தங்கை நான் எழுதிய ஒரு வரியைக்கூட இதுவரை படித்ததில்லை. இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தெவசம் வந்தது. அன்று விசேஷ நாள் என்பதால் தனம் விசேஷமாகவே எண்ணெய் வைத்திருந்தாள். கீழே உனக்குப் பிடித்த இறால் குழம்போடு படையல் போடும் நேரத்தில், நான் மாடியில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். சலீம் படியில் காவல்.

"சீக்கிரம் மாமு, எலை போட்டாச்சி."

"காத்திவாக்கம் வரலயே பாய், வழுக்குது."

"இன்னும் நல்லா தேய்யா. அந்தம்மா குடத்தோட ஊத்திக்கீது போல."

எல்லோரும் மேலே வந்தார்கள். கார்த்திக்கே சுவிட்சைப் போட்டான். பேசின் பிரிட்ஜ், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். காத்திவாக்கத்தில் சக்கரம் ஒருமுறை வீணாகச் சுழன்றது. தனத்தின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. பிறகு வண்டி ஏதோ முடிவுக்கு வந்ததுபோல் நகர்ந்தது. எண்ணூரைத் தொட்டு, நீ சேர்த்த வளைவில் திரும்பி, வந்து சேர்ந்தது.

கார்த்திக் என் கையிலிருந்த கறுத்த துணியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "சரிம்மா, நீ இங்கயே இரு" என்றான்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எண்ணெ வெச்சேன்ல? அதான் ஓடுது."

ஆமாம் என்றேன். சலீமும் ஆமாம் என்றார்.

மச்சான், இனி சாயங்காலங்களில் நான் ராயபுரத்தில் உன் வீட்டு மாடியில் இருப்பேன். எனக்கு முடியாத நாளில் சலீம் வருவார். அவள் வைக்கிறவரை நாங்கள் துடைப்போம். ஏன் என்று அவள் கேட்டால், ரயில் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது என்பேன். நம்பிவிடுவாள்.

எண்ணெய்க் கறை படிந்த விரல்களுடன்,
உன் தனத்தின் அண்ணன்,
உன் மச்சான் முருகேசன்