மாட்டு டாக்டருக்கு விழுந்த ஒரு ஓட்டு

ஆல்டர் ரிட்ஜ், விஸ்கான்சின்
அக்டோபர் 17

அன்பு மகள் கிறிஸ்டாவுக்கு அம்மா ஆர்டிஸ் எழுதுவது. நான் நலம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். கணையத்தில் இருந்த நோய் ஈரலுக்கும் போய்விட்டது. நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும் வரைகூடத் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. போன வாரம் துப்பாக்கியைப் பக்கத்துப் பண்ணை டெல்மரிடம் கொடுத்துவிட்டார்.

கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்து போட்டாயிற்று. சூப் கொடுத்தால் நாலு வாய். ஜனாதிபதி தேர்தல் பேச்சுக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ. பெரிய கட்சிகள் இரண்டையும் அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பால் கம்பெனி சின்னப் பண்ணைகளைக் கைகழுவியபோது இரண்டு கட்சிக்காரர்களும் நம் கொட்டகையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி. மாடுகளை லாரியில் ஏற்றிய அன்று ஒருத்தரும் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே இந்த முறையும் சில்லறைக் கட்சிகள்தான். மூன்று பேரை வைத்துக்கொண்டு தினமும் என் உயிரை வாங்குகிறார். ஒருவர், வரியும் வேண்டாம், அரசாங்கமும் வேண்டாம் என்பவர். நாலு நாள் அவரைப் புகழ்ந்துவிட்டு, “அப்புறம் நம்ம ரோட்டுல பனியை யாரு தள்ளுவா, இவன் அப்பனா?” என்று ஒதுக்கிவிட்டார். அடுத்தது ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. எந்த நாட்டோடும் சண்டையே கூடாது என்கிறார். “நல்ல மனசுதான். ஆனா பசு பால் குடுக்கணும்னா கன்னு போடணும்ங்கிறதாவது இந்தம்மாவுக்குத் தெரியுமா?” என்பது அப்பாவின் சந்தேகம். மூன்றாவது ஆள் ஆரின் ட்வைட், நெப்ராஸ்காவில் மாட்டு டாக்டராக இருந்தவர். சின்னப் பண்ணைகளுக்கு நியாயமான பால் விலை வாங்கித் தருவேன் என்கிறார். மற்ற விஷயங்களில் அவர் சொல்வதில் பாதி கிறுக்குத்தனம், அதை நானே படித்துக் காட்டினேன். “பாதிதானே, மத்தவனுங்க முழுசு” என்றார்.

இப்படித் தீர்மானம் ஆன பிறகும் தபால் வாக்குச்சீட்டு குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் அப்படியே தொங்குகிறது. ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டேன். “இதையெல்லாம் எங்கூடச் சரிக்குச் சரி பேச வீட்ல ஒருத்தி இருந்தா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுறேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு வருடத்துக்கு முன் நன்றித் திருநாள் விருந்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “உங்கள மாதிரி ஆளுங்க ஓட்டை வீணாக்கித்தான் இந்த மாநிலமே கைவிட்டுப் போச்சு” என்று சொல்லிவிட்டு வான்கோழியை வெட்டும் முன்பே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். புது ஆட்சியில் நீ வேலை பார்த்த பெண்கள் மருத்துவமனையை மூடினார்கள். அலாஸ்கா வரை போய்ப் பிழைக்க வேண்டி வந்தது. உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த வீட்டில் நான் எப்போதும் உன் கட்சிதான், அதுவும் உனக்குத் தெரியும்.

ஆனால் மகளே, அவர் போன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். திட்டுவதாக இருந்தாலும் திட்டு, கேட்டுக்கொள்வார். ஒரு தடவை கூப்பிடு. கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும்.

உன் அம்மா

ஆல்டர் ரிட்ஜ்
நவம்பர் 14

கிறிஸ்டாவுக்கு,

நீ அனுப்பிய பூக்கள் வந்தன. லில்லி வாசம் அப்பாவுக்கு ஆகாது, மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வாசல் வராந்தாவில் வைத்தேன், பனியில் கருகிவிட்டன.

நீ கூப்பிடவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் வேறு எதுவும் எழுதப் போவதில்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. டெல்மரின் பெண்டாட்டி உனக்கு எதையாவது எழுதிவைப்பாள், அதற்கு முன் என் வாயால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை அப்பா சீட்டைக் கேட்டு வாங்கினார். இனிக் காத்திருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும், ஆனால் யாருக்குப் போடுகிறார் என்று பார்க்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பேனா நடுங்கிப் பலகையில் தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. உறையை ஒட்டிய பிறகு அவராகவே சொன்னார்: “மாட்டு டாக்டருக்குப் போடல. கிறிஸ்டா ஆளுக்கே போட்டுட்டேன். ஒரு ஓட்டுக்காகப் புள்ள நாலு வருஷமா பேசல. இத அவளுக்குக் குடுத்துட்டுப் போறேன்.” “அவன் தேவலையா இவன் தேவலையான்னு அத்தனை நாள் என் உயிரை எடுத்தீங்களே” என்று மட்டும் கேட்டேன். “ட்வைட்டுதான் நல்ல ஆளு. இப்பவும் அதான் சொல்றேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை உறையை, தேர்தலை நடத்தும் நம் ஊர் எழுத்தர் வெர்லா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலையில் அப்பா போய்விட்டார். வலியில்லாமல் போனார் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வெர்லா உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “ஆர்டிஸக்கா, தேர்தல் நாளுக்கு முன்னாடி இறந்தவங்க ஓட்டை எண்ணக் கூடாதுன்னு சட்டம். நார்பர்ட் அண்ணன் உறையைத் தனியா எடுத்து வெச்சுட்டேன். வேற யாரோ வந்து சொல்றதுக்கு நானே சொல்லிடலாம்னு வந்தேன்” என்றாள். அவளை நன்றாக ஏசிவிட்டேன். அவர் உடம்பு இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் சட்டம் பேச வந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே போனாள். அந்தப் பாத்திரத்தை நான் திறக்கவே இல்லை.

அவர் உனக்கென்று கொடுத்த கடைசிப் பொருள் அது. அது எண்ணப்படாது. இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

செவ்வாய்க்கிழமை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர் மன்றத்துக்குப் போனேன். பழக்கப்படி உன் கட்சிக்குத்தான் போட வேண்டும். அப்பாவின் ஓட்டுக்குப் பதிலாக நினைத்துக்கொண்டாவது உன் ஆளுக்குப் போட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை, மகளே. சாகும்வரை எடைபோட்டு அவர் பொறுக்கியெடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். உன்னைத் திரும்பப் பெறுவதற்காக அவரை விட்டுக்கொடுத்தார், நீயும் வரவில்லை, அந்த ஓட்டும் செல்லவில்லை. உன் அப்பாவுக்கு ஒன்றாவது மிஞ்சட்டும் என்று மாட்டு டாக்டருக்கே போட்டேன்.

மறுநாள் நம் வார்டு முடிவை மன்றத்துக் கதவில் ஒட்டினார்கள். ஆரின் ட்வைட்டுக்கு ஒரே ஓட்டு. அது யாருடையது என்று இந்த ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ட்வைட் புராணமே பாடியிருந்ததால், எல்லோருக்கும் அது நார்பர்ட்டின் ஓட்டுதான். அப்படியானால் செத்தவர் ஓட்டை வெர்லா எண்ணிவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் விருந்தில் அவள் பக்கத்தில் யாரும் தட்டோடு உட்காரவில்லை. “இன்னைக்கு ஒன்னு எண்ணுவா, நாளைக்கு கல்லறைத் தோட்டத்தையே எண்ணுவா” என்று டெல்மர் அவள் காதுபடச் சொன்னான். மாவட்டத்துக்குப் புகார் எழுதப்போவதாகவும் சொன்னான்.

நான் எழுந்து நின்றேன். ஓட்டு ரகசியம் என்று எனக்கும் தெரியும். “அந்த ஓட்டு என்னுது. நான்தான் போட்டேன். கத்துறதா இருந்தா என்கிட்ட கத்து, டெல்மர்” என்றேன். வெர்லா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. அவளை ஏசியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்பா நிஜத்தில் யாருக்குப் போட்டார் என்பதை அங்கே நான் சொல்லவில்லை. அது உனக்கு மட்டும். உன் ஆள் இந்த முறையும் நம் மாநிலத்தில் தோற்றுவிட்டார், பெரிய வித்தியாசத்தில். அப்பாவின் ஓட்டையும் என் ஓட்டையும் சேர்த்து நீயே உன் கையால் பெட்டியில் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. போன தடவையும் அப்படித்தான்.

அவர் சாம்பல் சமையலறையில், கட்டில் கிடந்த இடத்தில் இருக்கிறது. நிலம் பனியில் இறுகுவதற்குள் புதைக்கச் சொல்லிப் பாதிரியார் கேட்கிறார், நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நான் மாட்டு டாக்டருக்குப் போட்டதற்காக என்னோடு சண்டைபோடவாவது வா, கிறிஸ்டா. உள்ளே வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை மட்டும் பொறு, அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அம்மா