செம்பு உறை போட்ட தோட்டா

அன்பே,

உன் அம்மா வீட்டில் நம் குட்டி கோரின் சரியாகத் தூங்குகிறாளா?

துப்பாக்கிக் கடையில் டுவைட் சொன்னது காதிலேயே நிற்கிறது. "வீட்டுக் காவலுக்குன்னா நுனியில குழி இருக்கிற தோட்டாவ வாங்குங்க. உள்ள போனதும் பூ மாதிரி விரிஞ்சு பெரும்பாலும் உடம்புலயே நின்னுடும். முழுசா செம்பு உறை போட்டது துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும்."

பூ என்றதும் அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்தேன். உறை போட்டதையே எடுத்தேன். நீ சிரித்தாய். "சுடறதுன்னு ஆயாச்சு, அதுல என்னப்பா இரக்கம்?"

அந்தச் சனிக்கிழமை காலை கோழிக்கூண்டருகே வந்த காட்டுநாயைச் சுட்டேன். அதற்குப் பின்னால் நம் வீடு இருந்ததை நான் யோசிக்கவில்லை. தோட்டா அதன் உடலையும் துளைத்து, கோரின் அறைச் சுவரையும் துளைத்துப் போனது. ஒரு நிமிடம் முன்னால்தான் அவள் பால் குடிக்க எழுந்து போயிருந்தாள். நீ அவளைக் காரில் ஏற்றினாய்.

நேற்று போனில் கேட்டாள்: "அப்பா, ஓட்டைய அடைச்சிட்டியா?"

அடைத்து, பெயின்ட்டும் அடித்துவிட்டேன். தலையணையைத்தான் எடுக்க முடியவில்லை. அவள் தலை வைத்திருந்த பள்ளம் இன்னும் கலையவில்லை. தோட்டா துளைத்த ஓட்டை அந்தப் பள்ளத்தின் நடுவில் இருக்கிறது.

திரும்பி வா என்று கேட்கத் துணிவில்லாத,
உன்னவன்