அமாவாசைக்கு அடிக்காத மணி

23 ஜூன் 2025, திங்கள்

என் பயத்துக்காக ஒரு நோட்டை வீணாக்குகிறேன், மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? தெரியவில்லை. வாயால் சொல்ல எனக்கு வராது, அவ்வளவுதான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் கொட்டகைகளின் பாய்லர்களில் எங்கள் கம்பெனி சென்சார் வைத்திருக்கிறது. நீராவி அழுத்த அளவு வந்தால் மட்டும் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில், ஃபங்ஷன் என்கிற ஒரு சின்ன நிரல் விழித்து, பார்த்துவிட்டு, மறுபடி தூங்கிவிடும். அழுத்தம் ஏறினால் கொட்டகைக்குப் போன் போகும். அந்த ஃபங்ஷனைக் கண்காணிக்க நான் போட்டது ஓர் ஓப்பன் சோர்ஸ் டூல். எழுதியவர்கள் ஊருக்கே இலவசமாகக் கொடுத்தது. ஃபங்ஷன் நின்றுபோனால் எங்கள் போன்களில் மணி அடிக்கும்.

ஒரு கொட்டகையில் பாய்லருக்கு விறகு போடுவது அப்பா. ஆபீசில் இதைச் சொன்னதில்லை.

25 ஜூன், புதன்

அமாவாசை. தறி ஓடாது, கொட்டகையில் மெயினையே அணைத்துவிடுவார்கள். போன அமாவாசைக்கு அளவே வராமல், விடிவதற்குள் மணி அடித்து எல்லாரையும் எழுப்பிவிட்டது. "ஊருக்கே லீவு, உன் மணிக்கு மட்டும் லீவு இல்லியாடி?" என்று டீம் லீடர் காயத்ரி அக்கா கிண்டல் செய்தார். அதனால் இன்றைக்கு மட்டும் மணியை மௌனமாக்கி வைத்தேன். நிம்மதி.

27 ஜூன், வெள்ளி

பேனா எடுக்க இப்போதுதான் நேரம் கிடைத்தது.

டூலைச் சும்மா திறந்தேன். பிழைகள் பூஜ்யம். அந்தக் கட்டம் பச்சை. பக்கத்தில் பார்த்தால், ஓடிய தடவையும் பூஜ்யம். சென்சார்கள் கிளவுடுக்குள் நுழையும் சாவி, பாஸ்வேர்டு மாதிரி ஒன்று, அமாவாசை அன்று காலாவதியாகியிருக்கிறது. அன்றிலிருந்து ஃபங்ஷன் ஓடவேயில்லை. ஓடாததில் பிழை எப்படி வரும்?

மணி? ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும் அந்த ஒரு நொடியில் மட்டும்தான் அடிக்குமாம். அந்த நொடி நான் போட்ட மௌனத்துக்குள் போய்விட்டது; மௌனம் முடிந்தபின் மறுபடி அடிக்கவில்லை.

அப்போ நேத்தும் இன்னிக்கும் பாய்லர் எரிஞ்சுக்கினு இருக்குது, பார்க்க யாருமே இல்ல. அப்பா கொட்டகையில் அழுத்தம் காட்டும் முள்ளும் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. சென்சார் இருக்கிறதே என்று மாற்றவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "நெருப்ப வெளிய இழுத்து அணைச்சுடுப்பா."

"இன்னாமா விளையாடுறியா? பட்டு தொட்டியில கீது. மொதலாளி சொல்லாம எப்டி?"

முதலாளி கைலாசத்திடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினேன்.

"உன் கம்ப்யூட்டர் தூங்கினா என் பட்டு திட்டுத்திட்டா ஆவணுமா? யாரும்மா நீ?"

"அப்பாதுரை பொண்ணு."

ஐயோ. கம்பெனி பேரைச் சொல்லியிருக்கலாமே.

அதற்குமேல் எப்படிக் கெஞ்சினேனோ, நெருப்பை இழுத்துவிட்டார்கள். மற்ற கொட்டகைகளுக்கு அக்கா பேசினார்.

28 ஜூன், சனி

புதுச் சாவி போட்டாயிற்று. சென்சார் பெட்டிகளில் தேங்கியிருந்த அளவுகளும் வந்தன. எங்கேயும் அழுத்தம் ஏறவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

பட்டு கெட்டதுதான் மிச்சம். அப்பாவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டை மாட்டி வாசல்வரை போன பிறகுதான் அப்பாவுக்கு அது நினைவு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

30 ஜூன், திங்கள்

"மௌனம் போட்டது யாரு?" ஆபீசில் காயத்ரி அக்கா கேட்டார்.

"நான்தான்கா." அழுதுவிட்டேன். அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"லீவு இல்லியான்னு கேட்டது என் வாய்தானடி? வா."

அப்பாவின் கொட்டகைக்கே கூட்டிப் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "சார், சென்சார் எங்க தப்பு. முள்ளு உங்க தப்பு. ரெண்டும் செத்துக் கிடக்கிறப்ப பாய்லர் வெடிச்சிருந்தா?"

கைலாசம் மாட்டிக் கிடந்த முள்ளை விரலால் தட்டிப் பார்த்தார். "நாளைக்கு வரச் சொல்லு அவன."

3 ஜூலை, வியாழன்

அப்பா வேலைக்குப் போகிறார். புது முள் வைத்துவிட்டார்களாம்.

எனக்குத்தான் இன்னும் பயம். இந்த டூல் எத்தனை ஊரில் ஓடுகிறதோ! "டூல எழுதினவங்களுக்கே எழுது. இலவசமா குடுத்தவங்க, கேட்டா கடிக்க மாட்டாங்க" என்றார் அக்கா. ஆனால் அது உலகமே பார்க்கும் பக்கம். என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்களோ? எழுதி எழுதி அழித்தேன். முதலில் நன்றி சொன்னேன். பிறகு அமாவாசை என்றால் என்னவென்று. பிறகு அப்பா. கேட்க வேண்டியதை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் அதையும் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்:

"மௌனம் முடியும்போது ஃபங்ஷன் இன்னும் ஓடாமல் கிடந்தால், தயவுசெய்து மறுபடி மணி அடிக்க வையுங்கள்."