டீசல் மூடியின் சாவி

அன்புள்ள அப்பா,

இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் இருந்தபோது "சாப்பிட வாங்க" என்பதைத் தாண்டி உங்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. இப்போது நாலு பேர் படிக்க எழுதுகிறேன். நான் செய்த தப்பும் நாலு பேர் முன்னால் செய்ததுதான்.

நீங்கள் போனதிலிருந்து நம் பிக்கப் மலை ஏறவில்லை. போடியில் நன்றாகக் கிளம்பும். ஏலத் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போனால், பாதி மலையில் இழுவை குறைந்து நின்றுவிடும்.

எனக்கு முதலில் டிரைவர் ஈஸ்வரன் அண்ணன் மேல்தான் சந்தேகம் வந்தது. காலையில் பங்க்கில் நானே டீசல் போட்டு, மூடியைப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொள்கிறேன். அப்படியும் டேங்குக்கு அடியில் உள்ள குழாயைக் கழற்றி எடுக்கிறாரோ? வண்டி ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கும்போது கேட்டே விட்டேன்.

"டீசல் எங்கண்ணே போகுது?"

"என் வகுத்துக்குள்ளயா போகுது பாப்பா? வேணும்னா மோந்து பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

"சரித்தா. வண்டிய பட்டறையில காட்டிட்டுப் போறேன்."

மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயில் பிரஷர் மீட்டர் மாட்டினார். முள் சரியாகத்தான் நின்றது. ஆனாலும் "பம்பு போச்சு, மாத்திருவோம்" என்றார். அவர் மேலும் சந்தேகம். முள் சரியாக நிற்கும்போது பம்பு எப்படிப் போகும்? மலையில் ஏறிப் பார்க்கலாம் என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

மூன்று பேரும் போனோம். பாதி மலையில் முள் இறங்க ஆரம்பித்தது. அண்ணன் எஞ்சினை அணைக்காமல் வண்டியை ஓரங்கட்டினார்.

"பாப்பா, மூடியத் தொறங்க."

"எதுக்கு?"

"அப்பா வர்றப்போ அங்கங்க நிப்பாட்டி, தொறந்து குச்சி விட்டு டீசல் அளவு பாப்பாரு. அப்பல்லாம் வண்டி நின்னதே இல்ல."

சாவிக்காகச் சொல்கிறாரோ? நானே இறங்கித் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. முள் மேலே ஏறியது.

மெக்கானிக் மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்றுத் துளையை மறைத்து, பழைய டியூபை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை. பம்பு இழுத்தும் டீசல் வரவில்லை.

"எவன்யா பாத்த வேல இது? டேங்கு மூச்சு விட வேணாமா?"

"வாங்கும்போதே அப்பிடித்தாண்ணே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஈஸ்வரன் அண்ணன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் காலேஜ் செருப்புக்கு அடியில் நீங்கள் ஒட்டித் தந்த அதே டியூப். எனக்கா தெரியாது? அந்தத் துளை வழியாகக் குழாய் விட்டு டீசலை உறிஞ்சக் கூடாதென்று நீங்கள் ஒட்டியது; அது யாரை நினைத்து என்று அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா, அவர் டீசல் எடுத்ததை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தீர்களா? குச்சியில் என்றைக்காவது ஓடிய கணக்குக்கு மேல் டீசல் குறைந்ததா? மூடியைத் திறக்கும்போதெல்லாம் வந்த அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

ரப்பரைப் பிய்த்தெறிந்துவிட்டேன். நாளைக் காலையில் அதே ஸ்டாண்டில், அதே ஆட்கள் முன்னால், அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவியை அவர் கையில் கொடுப்பேன். இது சத்தியம்.

ஆனால் கொடுத்த பிறகும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் நான் எதுவும் கேட்டு வாங்கியதில்லை. இப்போதும் வாங்கக் கேட்கவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்த இந்தச் சந்தேகத்தை மட்டும் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா.

நீங்கள் 'தாயி' என்று கூப்பிட்ட மகள்,
செல்வராணி