திகதியில்லாத கையெழுத்து

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள மெலிண்டாவுக்கு,

கடல்தாண்டி அந்த நாட்டுக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இன்று எழுந்ததும் முதலில் செய்தது, வியாழக்கிழமை அமர்வுக்கான நிகழ்ச்சி நிரலை எடுத்து நான்காவது பிரேரணையை மறுபடியும் வாசித்ததுதான். முகம்கூடக் கழுவவில்லை. இரவோடு இரவாக எழுத்து மாறியிருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. மாறவில்லை. பிரதேச சபை அமர்வைப் பார்க்க வரும் பொதுமக்கள் இனிமேல் ஏழு நாளுக்கு முன்பே தவிசாளரிடம் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். இரண்டே வரி.

இதற்கெல்லாம் காரணம் ஆச்சிப்பிள்ளை கிளப்பிய சிரிப்பு. அவள் எங்கள் சந்தையில் மீன் விற்பவள். புருசன் வாவியில் வலை போடுகிறவர். போன மாதம் நாலைந்து பெண்களோடு வந்து பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்தாள். வாவிக்கரை வீதியில் பதினெட்டு விளக்குகளும் எரிகின்றன என்று எங்கள் தவிசாளர் அழகரத்தினம் அண்ணன் அறிக்கை வாசித்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே, "எரியுதாமே! எங்க தம்பி எரியுது, ஒங்கட வளவுக்குள்ளயா?" என்று கேட்டாள். வாங்கு முழுக்கச் சிரித்தது. கட்சி பார்க்காமல் நாங்களும் சிரித்தோம். அடுத்த கிழமையே பதினெட்டும் எரிந்தன. அதே விளக்குகளுக்காக நான் மூன்று தடவை எழுத்தில் கொடுத்திருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

சபையில் பதினேழு பேர். எங்கள் கட்சி ஒன்பது, எதிர்த்தரப்பு எட்டு. நான் வாக்களிக்காமல் ஒதுங்கியிருந்தால் எட்டுக்கு எட்டு; தவிசாளரின் மேலதிக வாக்கால் பிரேரணை நிறைவேறிவிடும். நான் எதிர்த்தால் மட்டுமே அது விழும்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேட்புமனுவில் கையெழுத்துப் போட்ட அன்று எங்களுக்கு இன்னொரு தாளும் தந்தார்கள். 'எனது உறுப்பினர் பதவியைச் சுயவிருப்பின் பேரில் இராஜினாமாச் செய்கிறேன்.' கீழே பெயர், கையெழுத்து. திகதி போடவேண்டாம் என்றார்கள். கட்சி வழக்கமாம். பன்னிரண்டு வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பித்தவள் நான். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது, காணி இல்லாதவருக்கும் படிப்பில்லாதவருக்கும் பெண்களுக்கும் வந்தது என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கையெல்லாம் வெண்கட்டித் தூளாகத் திரிந்தவள். அந்தத் தாளை நீட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பேனை இருக்கிறதா?

கட்சி நியமிக்கும் பெண்களுக்கான மேலதிகப் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கிறதே என்ற ஆசை. அதை மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை அழகரத்தினம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், எங்கள் மாமரத்தைப் புகழ்ந்தார். போகும்போது படலையில் நின்று, "தங்கச்சி, ஒன்ட கடிதம் என்ட அலுமாரிக்குள்ள பத்திரமா இரிக்கு. திகதி போட ஒரு நிமிசம் போதும், என்ன?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். அவர் போனபின் என்ட மனிசன் சதீசன், "ஒரு கையத் தூக்கிட்டு வாவன், கை தேஞ்சா போகும்?" என்றார். பிறகு, அதைவிட மெதுவாக, "அந்தக் கக்கூசையாவது முடிச்சிட்டு எதிர்க்கலாமே" என்றார்.

அதுதான் மெலிண்டா என்னைக் கொல்லுகிறது. சந்தையில் மீன்காரப் பெண்களுக்கு ஒரு மலசலகூடம். விடிய ஐந்து மணிக்கு வந்து பின்னேரம்வரை அடக்கிக்கொண்டு இருப்பவர்கள் அவர்கள். பத்து மாதம் அலைந்து சுவர் எழுப்பிவிட்டேன். கூரைக்கான அங்கீகாரம் அடுத்த மாத அமர்வில். நான் இல்லாவிட்டால் அது சுவரோடு நின்றுவிடும். மழைக்குப் பிறகு அதற்குள் ஆடு கட்டுவார்கள்.

நேற்று எதிர்த்தரப்பு உறுப்பினர் ஸஹீதாவுக்குப் போன் எடுத்து, வேறு எதையோ கேட்பதுபோலத் தொடங்கி, அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். "நானும் போட்டுத்தான் வந்தன்கா. எங்கட ஆக்கள் வேட்புமனுவோடயே பின் குத்தித் தந்தாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்தேன். பதினேழு கதிரை இருக்கிற அந்த மண்டபத்தில் உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். அலுமாரிகள்தான் கை தூக்குகின்றன. அந்த மண்டபத்தில் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்காமல் வந்து இருப்பவர்கள் வாங்கில் இருக்கிற ஆச்சிப்பிள்ளையும் அவளோடு வந்தவர்களும் மட்டும்தான்.

சபைக் கதவு மக்களுக்குப் பூட்டப்பட்டால், கூரை போட்டாலும் அது நான் வாங்கிக் கொடுத்த கூரை. அடுத்த தவிசாளர் அந்த மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டால் கேட்க ஆள் இருக்காது. கதவு திறந்திருந்தால், நான் இல்லாத சபையிலும் அவள் வந்து குந்திக்கொண்டு, "எங்க தம்பி கூரை?" என்று கேட்பாள். நான் பத்து மாதத்தில் கேட்டதைவிட நன்றாகவே கேட்பாள்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வியாழனுக்கு முன் ஒரு சொல் வெளியே போனாலும் அந்த ஒரு நிமிட வேலையை அவர்கள் முடித்துவிடுவார்கள். சதீசனுக்கும் சொல்லவில்லை, அவர் பயந்தால் முகத்தில் தெரியும். ஸஹீதாவுக்கும் சொல்லவில்லை. இக்கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்து இரண்டு கிழமையாவது ஆகியிருக்கும். உறுப்பினர் கஜானி என்று அப்போது ஒருவர் இருக்கமாட்டார். பிறகு நீதிமன்றம் போகலாம், போகாமலும் விடலாம். அதை இன்று யோசிக்கவில்லை.

நீ கும்பிடும் மாதாவிடம் எனக்காக ஒன்று கேள். பதவி நிலைக்கவேண்டும் என்று கேட்காதே. வியாழக்கிழமை நான் எழுந்து, பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்படி கேட்கப்போகிறேன். செயலாளர் என் பெயரைக் கூப்பிடும்போது, வாங்கின் கடைசியில் இருப்பவளுக்கும் கேட்கும்படி 'எதிர்' என்று சொல்ல எனக்குக் குரல் வரவேண்டும். அது போதும்.

என்றும் உன்
கஜானி