உன் சிவப்பு கிடார் மேடை ஏறாது

என் தலைச்சன் பிள்ளை தேவாவுக்கு, உன் அம்மா எழுதுவது.

ஸ்தோத்திரம். நீ இருக்கிற இடத்தில் சுகமாகத்தான் இருப்பாய், அதனால் சுகம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஆம்பூரில் மண்டபம் எடுத்து உன் நினைவுக்குக் கச்சேரி வைக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு மலரும் அச்சடிக்கிறார்கள். குழுவை நடத்துகிற உன் தோஸ்த் பாபு வீட்டுக்கு வந்து இரண்டு விஷயம் கேட்டான். மலருக்கு நான் நாலு வரி எழுதித் தர வேண்டும். உன் மகள் பிரின்சி அன்றைக்கு உன் சிவப்பு பேஸ் கிடாரில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க வேண்டும்.

முதலாவதற்குச் சரி என்றேன். இரண்டாவதற்குப் பதிலை அந்த நாலு வரியிலேயே சொல்கிறேன், ஒரு எழுத்து மாற்றாமல் போடு என்றேன். பாவம், தலையாட்டிவிட்டுப் போனான். நாலு வரி எங்கே, இதோ பக்கம் பக்கமாகப் போகிறது.

பதில் முடியாது என்பதுதான். ஏன் என்பதை உனக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

நீ போன பிறகு பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் பாபு திண்டாடினான். பிரின்சி சர்ச்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவள்தானே. அவளைச் சேர்த்துக்கொண்டான். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டான். உன் சிவப்பு கிடாரைத்தான் மாட்ட வேண்டும், உன்னைப் போலவே நிற்க வேண்டும். நீ எப்படி நிற்பாய் என்று எனக்குத் தெரியாதா? வலது காலைத் தூக்கி மேடை ஓரத்து மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்து, கிடாரின் அடிப்பக்கத்தைத் தொடையில் அழுத்தி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து. பதினாறு வருஷம் உன் போஸ்டர் எல்லாவற்றிலும் அதே நிலைதான். பையன்கள் மொபைலில் அதே மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "தேவா ஸ்டைல்" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

உன் மகள் கூச்சப்படுகிறவள். சுடிதார் போட்டுக்கொண்டு அத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கி வைக்க மாட்டேன் என்றாள். முதல் கச்சேரி வேலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நேராக நின்று வாசித்தாள். மூன்றாவது பாட்டில் கொடகொடவென்று சத்தம் வந்ததாம். அப்புறம் ஒன்றும் இல்லை. அவள் கம்பியை அடிக்கிறாள், சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் கைதட்டிச் சிரித்திருக்கிறார்கள். பாபு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "உனுக்கு கை பத்தல பாப்பா, உங்கப்பா வாசிச்சப்போ என்னிக்காவது இப்படி ஆச்சா?" என்று கேட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "எனுக்கு இது வேணாம் ஆயா. அப்பா பேர கெடுத்துட்டேன்" என்றாள்.

அவள் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஃபைனல் செக்கிங்கில் நின்றவள் நான். ஒரு ஷூ கிழிந்து திரும்பி வந்தால் போட்டவன் காலைக் குற்றம் சொல்ல மாட்டோம், ஷூவைத் திருப்பிப் பார்ப்போம். மறுநாள் காலையில் உன் பெண்டாட்டி கலா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போன பிறகு, உன் கிடாரைச் சாப்பாட்டு மேசையில் படுக்க வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. முன்பக்கம் பளபளவென்று இருந்தது. முன்பக்கத்தைப் பார்த்து நான் என்றைக்கு எதைப் பாஸ் பண்ணியிருக்கிறேன்? திருப்பிப் போட்டேன்.

எங்கள் செக்கிங்கில் குறை உள்ள இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு அட்டை இன்னும் தையல் பெட்டியில் கிடந்தது. எடுத்தேன். பெல்ட் மாட்டுகிற முளையின் ஆணித் துளை தேய்ந்து, உள்ளே தீக்குச்சி சொருகியிருந்தது. ஒரு அம்பு. பாட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு அம்பு. கம்பியை முறுக்குகிற சாவி ஒன்று தானாகச் சுற்றியது. கழுத்து வளைந்து, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. ஒட்டிக்கொண்டே போனேன். உன் கிடாருக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் கேபிள் சொருகுகிற ஜாக். பிரின்சியைக் கூப்பிட்டு, வீட்டில் பழகுகிற சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டச் சொன்னேன். கொடகொட, அப்புறம் மௌனம். பிளக்கைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினேன். சத்தம் சுத்தமாக வந்தது. விரலை எடுத்தேன், போய்விட்டது. அழுத்தினால் இருக்கிறது, விட்டால் இல்லை.

எதிர்ச் சுவரில் உன் போஸ்டர். அதைப் பார்த்தேன், என் விரலைப் பார்த்தேன். உன் தொடை அழுத்துகிற இடமும் அந்த ஜாக் இருக்கிற இடமும் ஒன்று.

டேய் தேவா. அது ஸ்டைலே இல்லையாடா?

பாட்டுக்குப் பாட்டு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எப்போது சத்தம் போகுமோ என்று பயந்துகொண்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு நின்றாயா? கால் வலிக்கிறது என்று நீ தைலம் தேய்த்துக்கொண்ட நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கினவளிடம் இதைக் காட்ட உனக்கு என்ன வெட்கம்?

பிரின்சிக்கும் புரிந்தது. அவள் அழவில்லை. "அப்போ தப்பு என் கையில இல்ல" என்றாள். இல்லை என்றேன்.

வேலூரில் கிடார் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஜாக், சாவி எல்லாம் மாற்றலாமாம். கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி இருக்கிறதாம், அது துருப்பிடித்து இறுகிப்போய்விட்டதாம். திருப்பினால் கழுத்தே பிளக்கும், வீட்டில் வைத்து வாசியுங்கள், மேடைக்கு நம்ப வேண்டாம் என்றார். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார்.

பாபுவிடம் வேறு கிடார் வாங்கப்போகிறோம் என்றதும் அவன் குதித்தான். ஜனங்கள் தேவா கிடாரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றான். "அம்மா, அது வெறும் கிடார் இல்ல. அது தேவா."

"தேவாவ நான் பெத்தேன் பாபு. இது மரம்."

அடுத்த கச்சேரி அணைக்கட்டு ஊர்த் திருவிழாவில், அதில் இன்னொரு தடவை சத்தம் போனால் காட்பாடியிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். உன் மகளுக்கு இருந்தது அந்த ஒரு கச்சேரிதான்.

கடைக்கு நானும் போனேன். கடைக்காரத் தம்பி ஐந்து கம்பி வைத்த, நீலமாய் மின்னுகிற ஒன்றைக் கொண்டு வந்தான். பாட்டரி போட்டால் சத்தம் ஜாஸ்தி வருமாம். பாட்டு நடுவில் பாட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாற்றிக்கொள்ளலாம் என்றான். பாட்டு நடுவிலா? அவன், "இன்னா ஆயா, நீங்க வாசிக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். "வாசிக்கிறவளுக்கு மூணு மணி நேரம் மேடையில வேல. உன்ன கேள்வி கேக்க அவளுக்கு டைம் இல்ல, எனக்கு இருக்கு" என்றேன்.

கடைசியில் மூலையில் இருந்த பழுப்பு நிற கிடார்தான் எனக்குப் பிடித்தது. நாலு கம்பி, பாட்டரி கிடையாது, யாரோ வாசித்துவிட்டுக் கொடுத்தது. பின்பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே திறந்தான். ஈயம் வைத்த இடமெல்லாம் மணி மணியாக இருந்தது. பிளக்கை மாட்டி ஆட்டச் சொன்னேன், இழுக்கச் சொன்னேன். சத்தம் அசையவில்லை. பிரின்சியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். தோள் வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். கிடாரும் கழுத்துப் பக்கம் கீழே சரியாமல் அது பாட்டுக்கு நின்றது.

கேபிள் இரண்டு வாங்கினோம், ஒன்று போனால் இன்னொன்று. முனையைத் திருகித் திறந்து உள்ளே பார்க்கிற மாதிரி இருப்பதுதான் வேண்டும் என்று பிரின்சியே கேட்டு வாங்கினாள். கிடார் சத்தத்தை நேராக மிக்சருக்கு அனுப்புகிற ஒரு சின்ன இரும்புப் பெட்டியும் வாங்கினோம். மேடையில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி செத்துப்போனாலும் ஜனங்களுக்குச் சத்தம் போய்ச் சேருமாம். எந்த மண்டபத்தில் எந்த ஓட்டைப் பெட்டியை வைத்திருப்பார்களோ, நாம் ஏன் அதை நம்ப வேண்டும்?

தோள் பெல்ட் மட்டும் அங்கே வாங்கவில்லை. எல்லாம் தோலின் அடி அடுக்கை உரித்து, மேலே பிளாஸ்டிக் பூசினது. ஆம்பூர்க்காரியிடம் அதைத் தோல் என்று விற்கப் பார்த்தான். நானே தைக்கிறேன் என்று வீராப்பாக வந்துவிட்டேன்.

இங்கேதான் உன் அம்மா மண்ணைக் கவ்வினாள். சிரிக்காதே. ஷூ மேல்பாகத்துக்குப் போடுகிற முதல் தரத் தோலில் ஒரு துண்டு வாங்கி, இரட்டைத் தையல் போட்டு, வெண்ணெய் மாதிரி ஒரு பெல்ட் தைத்தேன். ஒத்திகையில் மூன்று பாட்டு முடிவதற்குள் கிடார் அவள் முட்டிக்கு வந்துவிட்டது. ஷூ தோல் கால் அச்சின் மேல் இழுத்துப் போட்டால் நீள வேண்டும், அதுதான் அதற்கு அழகு. அதையே நல்ல தோல் என்று இருபத்திரண்டு வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தொங்குகிற பாரத்துக்கு நீளாத தோல் வேண்டும் என்பது தோன்றவே இல்லை. பிரின்சி வீட்டுக்கு வந்தாள். என் பெட்டியைத் திறந்து, ஒரு சிவப்பு அம்பை எடுத்து, என் பெல்ட்டில் ஒட்டிவிட்டுப் போனாள். உன் மகள்தான்.

அப்புறம் மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல், இடுப்பு பெல்ட்டுக்குப் போடுகிற கெட்டித் தோல் தேடி வாங்கி, புதிதாகத் தைத்தேன். கிடாரின் முளை நுழைகிற துளையைச் சின்னதாகக் குத்தி, பிளேடால் ஒரு கீறல் மட்டும் போட்டேன். மாட்டுவதற்கே இரண்டு கை வேண்டும். தானாகக் கழலாது.

அணைக்கட்டுக்கு நானும் வேனில் போனேன். திருவிழாக் கூட்டம், ஜெனரேட்டர் கரண்ட். என் பிள்ளை பயந்து பயந்து நின்ற அதே மாதிரி மேடை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பிளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை தேவா. மூன்று மணி நேரம் ஒன்றுமே ஆகவில்லை. பாதிக்கு மேல் பிரின்சி கிடாரைக் குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். டிரம்ஸ் அடிக்கிற பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாசித்தாள். பாடுகிறவளுக்குத் தலையாட்டிக்கொண்டு வாசித்தாள். நீ அப்படி ஒரு நாள் வாசித்திருக்கிறாயா?

சாமான் ஏற்றும்போது பாபு அவளிடம், சோளிங்கர் கச்சேரிக்குச் சீக்கிரம் வந்துவிடு என்று மட்டும் சொன்னான். காட்பாடி ஆள் பேச்சையே எடுக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்போது நினைவுநாளுக்கு மட்டும் ஒரே ஒரு பாட்டு, சிவப்பு கிடாரில் என்கிறான். எல்லோரும் கண் கலங்குவார்களாம். சொந்தக்காரர்களும் அவன் பக்கம்தான். செத்த பிள்ளையின் பொருளில் ஸ்டிக்கர் ஒட்டினவள் என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அவளைக் கேட்காமல் நானாக முடியாது என்று சொல்லிவிட எனக்கும் மனசு வரவில்லை. தோளில் மாட்டப்போகிறவள் அவள். கேட்டேன். "அத மாட்டினா எல்லாரும் அப்பாவ பாப்பாங்க ஆயா. நான் மட்டும் சத்தம் போய்டுமோ போய்டுமோன்னு கேட்டுனு இருப்பேன். பாட்டு எனுக்கு கேக்காது" என்றாள்.

இதுதான் பாபுவுக்கு என் பதில், ஊருக்கும் இதுதான். உங்கள் கண்ணீருக்காக இவளைப் பயத்தில் நிறுத்த மாட்டேன். என் மகன் பதினாறு வருஷம் நின்றது போதும். சிவப்பு கிடாரை நான் விற்கவும் மாட்டேன், எரிக்கவும் மாட்டேன். என் வீட்டில் இருக்கும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், டீ போட்டுத் தருகிறேன்.

தேவா, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஓட்டை கிடாரை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடச் சத்தம் போகாமல் வாசித்தாயே, அந்தப் பெருமையும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீயும் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்வரிசையில் உட்காருவேன். பழுப்பு கிடாரைப் பார்த்து எழுந்து போகிறவர்கள் போகட்டும், நாற்காலி காலியாக இருந்தாலும் உன் மகள் வாசிப்பாள். எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் அவள் எதை மாட்டிக்கொண்டு எந்த மேடையில் ஏறினாலும், முந்தின நாள் அது என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். என் கண் மங்கினால் அவளுக்கே பார்க்கத் தெரியும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன்னைப் பெற்றவளும்
பிரின்சியின் ஆயாவுமான
எஸ்தர்